பிஆர்இசட் காருக்கு ஷார்ட் ஷிஃப்டர்: கம்பெனி லீவரா, ஆஃப்டர்மார்க்கெட்டா?

சுபாரு பிஆர்இசட், டொயோட்டா 86 வைத்திருக்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கியர் லீவரை மாத்தலாம்னு இருக்கேன். எஸ்டிஐ போடவா, வெளியில கிடைக்கிறதைப் போடவா?" எஸ்டிஐ சுபாருவின் சொந்த ஸ்போர்ட்ஸ் பிரிவு; ஆஃப்டர்மார்க்கெட் என்பது வெளிக் கம்பெனிகள் செய்யும் சாமான். இரண்டு பக்கமும் கிடைப்பது ஷார்ட் ஷிஃப்டர், அதாவது கை கொஞ்சம் நகர்ந்தாலே கியர் விழும்படி செய்த லீவர். நான் நியூ ஜெர்சியில் 2017 மாடல் பிஆர்இசட் ஓட்டுகிறேன். வார நாட்களில் எடிசன் பக்கம் ஆபீஸ் டிராஃபிக், வெயில் காலத்தில் அவ்வப்போது மில்வில்லில் இருக்கும் நியூ ஜெர்சி மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க்கில் ட்ராக் டே. இரண்டு வகை லீவரையும் இதே வண்டியில் மாட்டி, இரண்டு விதமான ஓட்டத்திலும் பழகிப் பார்த்தாயிற்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் கம்பெனி லீவர். ஆனால் லீவரை மாற்றும் முன் மாற்ற வேண்டியது புஷ், அதாவது லீவரின் இணைப்புகளைத் தாங்கும் ரப்பர்த் துண்டு. லீவர் எவ்வளவு குட்டை என்பதைவிட, அது எவ்வளவு ஆடாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கைக்குத் தெரியும். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பேர் லீவரே வாங்க மாட்டார்கள்.

ஷார்ட் ஷிஃப்டரில் மர்மம் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல்தான். லீவரின் இடையில் ஒரு பந்து இருக்கும். அதுதான் ஆதாரப் புள்ளி. பந்துக்கு மேலே கை பிடிக்கும் பகுதி நீளம். கீழே, கியர்பாக்ஸுக்குப் போகும் ராடைத் தள்ளுகிற பகுதி குட்டை. ஒரு கணக்குக்காக மேலே 200 மில்லிமீட்டர், கீழே 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கை நாலு பங்கு நகர்ந்தால் ராடு ஒரு பங்கு நகரும். இப்போது கீழ்ப்பகுதியை மட்டும் 62.5 மில்லிமீட்டராக நீட்டினால் விகிதம் 4-இலிருந்து 3.2-க்கு இறங்குகிறது. கியர்பாக்ஸுக்குள் எதையும் தொடவில்லை, ராடு போக வேண்டிய தூரமும் அதேதான். கை போகும் தூரம் மட்டும் 20 சதவீதம் குறைகிறது. அதற்கு ஈடாகக் கை கொடுக்க வேண்டிய விசை 25 சதவீதம் ஏறுகிறது. தூரத்தை 40 சதவீதம் குறைத்தால் விசை ஏறத்தாழ 67 சதவீதம் ஏறிவிடும்.

பந்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தாலும், மேல் தண்டைக் குட்டையாக்கினாலும் நடப்பது இதேதான். எந்தக் கம்பெனி செய்தாலும், எவ்வளவு பளபளப்பாகக் கடைந்திருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து யாரும் தப்ப முடியாது. விளம்பரத்தில் முதல் எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும். வாங்குகிறவர் இரண்டாவது எண்ணையும் தானே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கை கொடுக்கும் விசை எங்கே போகிறது? சிங்க்ரோ வளையத்துக்குப் போகிறது. கியர் மாற்றும்போது நம் கை நேரடியாகப் பல்லோடு பல்லைக் கோர்ப்பதில்லை. முதலில் ஒரு சிறிய கூம்பு வளையம் உரசி, இரண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்குகிறது. சமமான பிறகுதான் ஸ்லீவ், அதாவது கியரைப் பூட்டும் பல் வளையம், உள்ளே போக வழி விடும். வளையம் வேலை செய்ய ஒரு நொடியில் ஒரு சிறு பகுதியாவது தேவை. லீவர் குட்டையாக இருப்பதால் அந்த நேரம் சுருங்கிவிடாது. கை சீக்கிரம் வந்து கதவடியில் நிற்கும், கதவு தன் நேரத்துக்குத்தான் திறக்கும்.

பிஆர்இசட்டில் இதை எண்ணாகவே பார்க்கலாம். முதல் தலைமுறை மேனுவல் கியர்பாக்ஸில் விகிதங்கள் 3.626, 2.188, 1.541, 1.213, 1.000, 0.767. முதல் கியரில் 7,000 ஆர்பிஎம் வரை இழுத்து இரண்டாவதுக்குப் போட்டால், உள்ளே சுழல்வது சுமார் 4,220-க்கு இறங்க வேண்டும்; கிட்டத்தட்ட 2,780 வித்தியாசம். இரண்டிலிருந்து மூன்றுக்கு அந்த வித்தியாசம் 2,070 போல. மூன்றிலிருந்து நாலுக்கு 1,490-தான். அதனால்தான் எந்த வண்டியிலும் இரண்டாவது கியரைப் பற்றித்தான் பேச்சு வரும். சுமை அதிகம் சுமக்கும் சிங்க்ரோ அது. ஜனவரி காலையில், ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியில், எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது இரண்டாவது கியர் சட்டென்று விழாது. இந்தக் கியர்பாக்ஸ் வம்சத்தில் இது தெரிந்த குணம்தான். முதல் ஓரிரு மைல் நிதானமாக, லேசான கையோடு போட்டால் எண்ணெய் இளகியதும் சரியாகிவிடும்.

குட்டை லீவரில் அந்தக் காலை எப்படி இருக்கும் என்பதை நேரில் சொல்கிறேன். நண்பர் ஒருவர் தன் 86-ஐ விற்றுவிட்டு, அதிலிருந்து கழற்றி வைத்திருந்த ஆஃப்டர்மார்க்கெட் லீவரை என்னிடம் கொடுத்தார். "ஓட்டிப் பாரு, பிடிச்சா வச்சுக்க" என்றார். ஸ்டெயின்லெஸ் தண்டு, உயரத்தை ஏற்றி இறக்க மரை, கீழே கடைந்த அலுமினியம். கையில் எடுத்தாலே நல்ல வேலைப்பாடு என்று தெரியும். வெயில் நாளில் அதை மாட்டி ஓட்டியபோது மகிழ்ச்சியாகவே இருந்தது. மணிக்கட்டு மட்டும் அசைந்தால் போதும், கியர் 'டக்' என்று விழும். மூன்றிலிருந்து நாலுக்கு இழுக்கும் அந்த ஒரு அசைவுக்காகவே காரணமில்லாமல் ஹைவேயில் ஏறி இறங்கலாம் போலிருந்தது.

குளிர் வந்ததும் அதே லீவர் வேறு மாதிரி ஆனது. இரண்டாவதுக்கு இழுத்தால் நடுவழியில் ஒரு சுவர். அழுத்திப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும், பிறகுதான் உள்ளே நழுவும். வண்டியோடு வந்த நீளமான ஸ்டாக் லீவரில் இதே தடை இருக்கும், ஆனால் கை அதை ஒரு லேசான தயக்கமாகத்தான் உணரும். குட்டை லீவர் அதைப் பெருக்கிக் காட்டுகிறது. அந்த இடத்தில் அவசரப்பட்டு ஓங்கித் தள்ளினால் வளையம்தான் தேயும். ஷார்ட் ஷிஃப்டர் கியர்பாக்ஸைக் கெடுத்துவிடும் என்று சிலர் சொல்வதன் உண்மைப் பொருள் இவ்வளவுதான்: லீவர் கெடுப்பதில்லை, லீவர் கொடுக்கும் துணிச்சலில் கை கெடுக்கிறது. பொறுமையான கைக்கு அது ஒரு தீங்கும் செய்யாது.

இன்னொன்று சத்தம். பெரும்பாலான கம்பெனி லீவர்களில் மேல் தண்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே ரப்பர் இருக்கும். கியர்பாக்ஸின் அதிர்வு மேலே ஏறாமல் அது விழுங்கிவிடும். நான் மாட்டியது முழுக்க உலோகம். அலுவலகம் போய் வரும்போது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் கியர் பற்களின் 'ஙொய்' சத்தம் தெளிவாகக் கேட்கும், லீவர் தலையில் இருக்கும் குமிழ் விரலடியில் லேசாக நடுங்கும். தனியாக ஓட்டுகிற எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மனைவி கேட்டாள்: "என்னங்க, உள்ள மிக்ஸி ஓடுற மாதிரி சத்தம் வருதே, வண்டிக்கு ஒண்ணும் இல்லையே?" வண்டியை யாரோடு பகிர்ந்துகொள்கிறோம் என்பதும் இந்தத் தேர்வில் ஒரு கேள்வி என்று அப்போதுதான் உறைத்தது. ட்ராக்குக்கு மட்டும் டிரெய்லரில் ஏறிப் போகும் வண்டிக்கு இந்தக் கேள்வியே எழாது.

கம்பெனி லீவருக்கு வருகிறேன். சுபாரு பக்கம் எஸ்டிஐ ஷார்ட் த்ரோ லீவர், டொயோட்டா பக்கம் அந்தக் காலத்தில் சயான் எஃப்ஆர்-எஸ்ஸுக்கு (86-இன் அன்றைய அமெரிக்கப் பெயர்) வந்த டிஆர்டி (டொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் பிரிவு) குவிக் ஷிஃப்டர்; இரண்டும் டீலர் கவுன்டரிலேயே கேட்டு வாங்கக்கூடியவையாக இருந்தன. இரண்டு கார்களும் ஒரே தொழிற்சாலைப் பிறப்பு என்பதால் ஒன்றின் சாமான் மற்றதற்குப் பெரும்பாலும் பொருந்தும். நான் பிறகு மாட்டியது எஸ்டிஐ.

முதல் நாள் ஓட்டியபோது "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்கத் தோன்றும். குட்டைதான், ஆனால் அந்த ஆஃப்டர்மார்க்கெட் லீவர் அளவுக்குக் குட்டை இல்லை. ஒரு வாரம் ஓட்டினால்தான் செய்தவர்களின் நோக்கம் புரியும். விசை அதிகம் ஏறவில்லை. காலைக் குளிரில் இரண்டாவது கியர் ஸ்டாக்கில் விழுந்த மாதிரியேதான் விழுகிறது. சத்தம் கூடவில்லை. டிராஃபிக்கில் ஒன்று, இரண்டு, நியூட்ரல், ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருந்தாலும் கை சோர்வதில்லை. வண்டி தயாரிப்பவர் லட்சம் மைல் ஓட்டம், மைனஸ் குளிர், பாலைவன வெயில், எண்பது வயது ஓட்டுநர் எல்லோரையும் நினைத்துத்தான் ஒரு அளவில் நிறுத்துகிறார். அந்த நிதானத்தைக் குறையாகப் பார்ப்பதும் நிறைவாகப் பார்ப்பதும் நாம் வண்டியை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. எனக்கு அது நிறைவு.

இனி புஷ். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஹோண்டா எஸ்2000 வைத்திருக்கும் ஒரு கோயம்புத்தூர் அண்ணாதான் இதை எனக்கு முதலில் காட்டித் தந்தார். என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார், இன்ஜினை ஆன்கூடச் செய்யவில்லை. மூன்றாவது கியரில் போட்டு, குமிழை இரண்டு விரலால் இடமும் வலமும் அசைத்தார். "தம்பி, ராடு நீளமான்னு பாக்காத. கியர்ல இருக்கும்போதே இவ்வளவு ஆடுது பாரு. இந்த ஆட்டம்தான் உன் கையை ஏமாத்துது. இதை எடுத்துட்டு அப்புறம் லீவரைப் பத்திப் பேசு." அவருடைய எஸ்2000-இல் லீவர் நேராகக் கியர்பாக்ஸின் தலையிலேயே நிற்கிறது. இடையில் ராடு, மூட்டு, ரப்பர் என்று எதுவும் குறைவு. அதனால்தான் அந்த வண்டியின் கியர் மாற்றத்தை இன்றுவரை எல்லோரும் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5-ம் அதே ரகம்.

பிஆர்இசட்டின் கியர்பாக்ஸ் ஐசின் நிறுவனத்தின் ஏஇசட்6 வழி வந்தது. அதே வம்சம் நிசான் எஸ்15 சில்வியாவிலும் மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இலும் உண்டு. ஆனால் பிஆர்இசட்டில் லீவர் கியர்பாக்ஸுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி நிற்கிறது. ஒரு ராடு அசைவைக் கடத்துகிறது. இன்னொரு தாங்கு தண்டு லீவரைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் தண்டு வண்டியின் உடலோடு சேரும் பின் முனையில் தடிமனான ரப்பர் புஷ். ராடின் மூட்டிலும் சிறு புஷ்கள். நாம் லீவரைத் தள்ளும்போது ராடு நகர்வதற்கு முன் அந்த ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். முழு ஆக்சிலரேட்டரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் தங்கள் மவுன்ட்டில் முறுக்கிக்கொள்ளும்போது கேட், அதாவது லீவர் ஓடும் கியர் வழிகள், இருக்கும் இடமே கொஞ்சம் நகர்ந்துவிடும். கை பழக்கத்தில் போகும் இடத்தில் கியர் இருக்காது.

இங்கேதான் ஒரு நுணுக்கம். அந்த ஆட்டம் ராடு பக்கத்து ஆட்டம். லீவர் குட்டையானால் கை போகும் மொத்தத் தூரம் குறையும், ஆட்டம் அதே விகிதத்தில்தான் குறையும். அதாவது மொத்தத்தில் எத்தனை பங்கு தொளதொளப்போ அத்தனை பங்கு அப்படியே நிற்கும். தொளதொள லிங்கேஜில் (ராடும் மூட்டும் சேர்ந்த இணைப்பில்) விலை உயர்ந்த லீவரை மாட்டினால் கிடைப்பது குட்டையான தொளதொளப்பு.

பின் புஷ்ஷுக்குக் கெட்டியான யுரேத்தேன் புஷ் பல ஆஃப்டர்மார்க்கெட் கடைகளில் கிடைக்கிறது. லீவரின் விலையில் அது ஒரு சிறு பங்கு. நான் அதை மட்டும் மாற்றி, ஸ்டாக் லீவரோடு ஓட்டிய நாளில்தான் இந்த வண்டியின் கேட் எவ்வளவு தெளிவாக வெட்டப்பட்டது என்று தெரிந்தது. மூன்றும் ஐந்தும் தனித்தனியாக, குழப்பமில்லாமல் கைக்குத் தட்டுப்பட்டன. கம்பெனிக்காரர் கொடுப்பது ஒரு சாமான், ஆஃப்டர்மார்க்கெட்காரர் கொடுப்பது இன்னொரு சாமான் என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. லீவர் கம்பெனியுடையது, புஷ் வெளியிலிருந்து என்று கலந்து மாட்டியதுதான் இன்று என் வண்டியில் இருக்கிறது. முழு உலோக புஷ் மட்டும் தெரு வண்டிக்கு வேண்டாம். பின் புஷ்ஷை இரும்பாக்கினால் லீவரில் ரப்பர் இருந்தும் பயனில்லை, சத்தம் வேறு வழியில் உள்ளே வந்துவிடும்.

எண்ணெயையும் கிளட்ச்சையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேனுவலில் சொன்ன தரத்தில் புது எண்ணெய் ஊற்றுங்கள். வேறு ரகம் ஊற்றுவதாக இருந்தால் அது சிங்க்ரோ வளையத்துக்கு ஆகுமா என்று பாருங்கள்; டிஃபரன்ஷியலுக்கு என்று செய்த ஜிஎல்-5 எண்ணெய்களில் சில பித்தளை வளையத்துக்கு நல்லதில்லை. கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்றும் பாருங்கள். மிதித்தபின்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருந்தால் எந்த லீவரும் கரகரக்கத்தான் செய்யும். கிளட்ச் எண்ணெயில் காற்று இருந்தால் அதை எடுக்க ஒரு மணி நேரம் போதும்.

ட்ராக்கில் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. லீவரைக் குட்டையாக்கும்போது முன்பின் தூரம் மட்டுமா குறைகிறது? பக்கவாட்டு இடைவெளியும் குறைகிறது. 1–2 வரிசை, 3–4 வரிசை, 5–6 வரிசை மூன்றும் நெருங்கி வந்துவிடும். மூன்றிலிருந்து நாலுக்கு இழுக்கும்போது வளைவின் விசையில் உடம்பும் கையும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், லீவர் நாலுக்குப் பதில் இரண்டில் இறங்கிவிடலாம். மேலே சொன்ன விகிதங்களை வைத்துக் கணக்குப் போடுங்கள்: மூன்றாவதில் 7,000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும் வண்டி இரண்டில் விழுந்து கிளட்ச்சை விட்டால், சக்கரம் இன்ஜினைச் சுழற்றும் வேகம் 9,900-க்கு மேல். வண்டியின் ரெட்லைன், அதாவது இன்ஜின் சுழற்சியின் எல்லை, 7,400. ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரம் தள்ளுவதை அது தடுக்க முடியாது. வால்வு பிஸ்டனில் மோதினால் இன்ஜின் போயிற்று. ட்ராக் பக்கம் இதை 'மணி ஷிஃப்ட்' என்பார்கள். போர்ஷே கார்களில் இப்படி எல்லை மீறிய சுழற்சிகளை இன்ஜின் கம்ப்யூட்டரே பதிவு செய்து வைத்திருக்கும். பழைய போர்ஷே வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, குமிழை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளுவது, விரல்களால் இழுப்பது. லீவரை நடு வரிசைக்குக் கொண்டுவரும் சென்டரிங் ஸ்பிரிங் கியர்பாக்ஸிலேயே இருக்கிறது. மூன்றிலிருந்து நாலுக்கு நேராக இழுத்தால் போதும், திசை அது பார்த்துக்கொள்ளும். குட்டை லீவர் போட்டவர்கள் பலர் திசையையும் கையாலேயே தீர்மானிக்கப் பார்ப்பார்கள், தப்பு அங்கேதான் நேரும். இரண்டு, அந்த ஸ்பிரிங்கையே கொஞ்சம் கெட்டியானதாக மாற்றுவது. எம்டெக் போன்ற ஆஃப்டர்மார்க்கெட் கம்பெனிகள் இதற்கென்றே ஸ்பிரிங் செட் செய்கிறார்கள். மில்வில்லின் தண்டர்போல்ட் ட்ராக்கின் நீண்ட நேர்ப்பாதையில் இழுத்துக்கொண்டு போகும்போது எனக்கு நம்பிக்கை தருவது குட்டை லீவர் இல்லை, லீவர் தானாக நடுவுக்கு வந்து நிற்கிறது என்ற உறுதிதான்.

குமிழைப் பற்றியும் கேட்பார்கள். கனமான குமிழ் உண்மையிலேயே உதவும். கை கொடுத்த வேகத்தைத் தாங்கிப் பிடித்து, தடையைக் கடக்கும் இடத்தில் திருப்பிக் கொடுக்கும். குட்டை லீவரின் முரட்டுத்தனத்தை அது பாதி மழுப்பிவிடும். பிஆர்இசட்டின் மரை எம்12, 1.25 மில்லிமீட்டர் பிட்ச். ஆனால் இந்த வண்டியில் ரிவர்ஸுக்குக் குமிழின் கீழே உள்ள வளையத்தைத் தூக்க வேண்டும். குமிழின் அடிப்பகுதி அந்த வளையத்துக்கு இடம் விடவில்லை என்றால் ரிவர்ஸ் விழாது. உயரம் மாற்றக்கூடிய லீவரில் ஒரேயடியாக இறக்கி வைத்தாலும் இதே தொல்லை. வெறும் உலோகக் குமிழ் ஆகஸ்ட் வெயிலில் சுடும், பிப்ரவரியில் உறையும். தோல் சுற்றியது நல்லது.

வாரண்டி பற்றிப் பலருக்கும் பயம் உண்டு. அமெரிக்காவில் 1975-இலிருந்து மேக்னுசன்-மாஸ் சட்டம் இருக்கிறது. வெளிச் சாமான் மாட்டினாய் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக மறுக்க முடியாது. அந்தச் சாமானால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். சட்டம் நம் பக்கம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பழுது சிங்க்ரோவில் வந்தால், ஷார்ட் ஷிஃப்டர் தொடும் இடமே அதுதான். சர்வீஸ் கவுன்டரில் நின்று வாதாட வேண்டிய நிலை வரும். கம்பெனி லீவரை டீலரே மாட்டி, பில்லிலும் ஏறியிருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. சுபாருவின் பவர்ட்ரெயின் வாரண்டி 5 வருடம் அல்லது 60,000 மைல். அதற்குள் இருக்கும் வண்டிக்கு நான் ஆஃப்டர்மார்க்கெட் லீவரைச் சிபாரிசு செய்யவே மாட்டேன். அது முடிந்த வண்டி, சொந்தக் கையால் வேலை செய்கிறவர், சத்தம் பொருட்டில்லை என்கிறவர், தன் கை நீளத்துக்கு ஏற்ப உயரத்தை அமைத்துக்கொள்ள விரும்புகிறவர் என்றால் தாராளமாக ஆஃப்டர்மார்க்கெட் போடலாம். ஹெல்மெட், பக்கெட் சீட், ஹார்னஸ் போட்டு உட்காருகிறவருக்குக் குமிழ் ஸ்டியரிங் அருகே உயரமாக வேண்டும். அந்த வசதியைக் கம்பெனி லீவர் தராது. ஆட்டோகிராஸில் (கூம்புகளுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) போட்டியிடுகிறவர்கள் மட்டும் வாங்குவதற்கு முன் தங்கள் கிளாஸின் ரூல் புக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள். குமிழை மாற்ற அனுமதிக்கும் கிளாஸ் லீவரையும் அனுமதிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு: விடை வண்டியின் அமைப்பைப் பொறுத்து மாறும். பழைய எம்எக்ஸ்-5-இல் லீவரின் அடியில் தனியாக ஒரு சிறு எண்ணெய்க் குழி உண்டு. அது வற்றியிருக்கும், ரப்பர் பூட் கிழிந்திருக்கும், நைலான் கிண்ணம் தேய்ந்திருக்கும். அவற்றை மாற்றினாலே புது வண்டி மாதிரி ஆகிவிடும், ஷார்ட் ஷிஃப்டர் தேவையே வராது. பிஎம்டபிள்யூ ஈ46 வைத்திருப்பவர்கள் இசட்3, இசட்4 கார்களின் லீவரைப் போடுவது வெகுகாலப் பழக்கம்; அதுவும் ஒரு வகையில் கம்பெனி லீவர்தான். ஆனால் அதில் கிளட்ச் லைனில் இருக்கும், கிளட்ச் பிடிப்பதைத் தாமதிக்கும் டிலே வால்வையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். போர்ஷே பாக்ஸ்டர், கேமன் இரண்டிலும் கியர்பாக்ஸ் பின்னால் இருக்கிறது, இடையில் நீளமான கேபிள்கள். அங்கே பழைய கேபிளும் அதன் பிளாஸ்டிக் முனையும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

சொந்தமாக மாட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது. நாலு ஸ்டாண்டு, சக்கரத்துக்குக் கட்டை. எக்சாஸ்ட் முழுதாக ஆறட்டும். கன்சோலைக் கழற்றியதும் தோல் பூட்டுக்கு அடியில் ஒரு கெட்டியான ரப்பர் பூட் இருக்கும். அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டு "மேல தெரியாதுல்ல" என்று விடுகிறவர்கள் உண்டு. சத்தமும் சூடும் ஈரமும் உள்ளே வராமல் தடுப்பதே அந்த ரப்பர்தான். பந்தைப் பிடித்திருக்கும் சர்க்ளிப்பை (ஸ்பிரிங் போன்ற வளைய கிளிப்) எடுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பழைய கிரீஸ் கறுத்து, மணலும் சேர்ந்து இருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் பந்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் மங்கலாகத் தேய்ந்த வளையம் தெரிந்தால் கிண்ணத்தையும் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணத்துக்கும் ரப்பருக்கும் சிலிக்கோன் கிரீஸ். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். கீழே ராடு சேரும் போல்ட்டில் த்ரெட் லாக்கர் போட்டு, சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். சில வாரம் கழித்து மறுபடி ஒரு முறை பாருங்கள்.

வேலை முடிந்ததும் இன்ஜினை ஆன் செய்யாமலேயே, கிளட்ச்சை மிதித்து ஆறு கியரும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் லீவர் நிற்பது கியர்பாக்ஸின் உள் தடுப்பால்தானா, இல்லை கன்சோல் விளிம்பிலோ மடங்கிய பூட்டிலோ முட்டி நிற்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். முக்கியமாகப் பின்னுக்கு இழுக்கும் இரண்டு, நாலு, ஆறு. குமிழை மிகவும் தாழ்த்தியிருந்தால் அங்கேதான் இடிக்கும். இடித்தால் கியர் முழுதாக உள்ளே போயிருக்காது; ஓட்டும்போது வெளியே துள்ளும், பல் முனைகள் மழுங்கும். அங்கே இடம் இல்லையென்றால் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்காதீர்கள். லீவரை உயர்த்துங்கள், அப்படியும் முட்டினால் பழைய லீவரையே திரும்ப மாட்டிவிடுங்கள்.